பரிசும் பரிசமும்

“ம்மா, பிளஸ் டூ பாஸ் பண்ணுன ஒரு பொண்ணுக்கு என்ன வாங்கிக் குடுக்கலாம்?”

2025 மே மாதம். ரிசல்ட் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு என் மகன் கேட்டான். கண் என் மேல் இல்லை, தோசைக்கல் மேல் இருந்தது. எந்தப் பொண்ணு என்று நான் கேட்கவில்லை. ஒரு வருஷமாகப் போன் அடித்தால் அவன் மொட்டைமாடிக்கு ஏறுவது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். மேலூர் டியூஷனில் கூடப் படித்த பிள்ளை. மற்றப் பிள்ளைகளோடு இரண்டு மூன்று தடவை வீட்டுக்கும் வந்திருக்கிறாள். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போகிற பிள்ளை.

“எவ்வளவு வச்சிருக்க?” என்று மட்டும் கேட்டேன்.

“ஆயிரத்து நூறு.”

பேச்சுவாக்கில் கருகிய தோசையை நானே தின்றேன்.

எங்கள் ஊர் திருவாதவூர். மதுரையிலிருந்து ஒத்தக்கடை, திருமோகூர் தாண்டி வந்தால் கண்மாயும் வயலும் கோயில் கோபுரமுமாக நிற்கிற ஊர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்று பெயர்ப்பலகை சொல்லும். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய காசை மனுஷர் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்தார். இந்த ஊரில் எந்தப் பிள்ளையிடமாவது காசு கொடுத்துவிட்டு மீதி கேட்கும்போது அந்தக் கதை தவறாமல் வரும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பையன் தன் அம்மாவிடம் வந்து, ஒரு பெண்ணுக்கு என்ன வாங்கலாம் என்று யோசனை கேட்கிறான். நான் பிளஸ் டூ முடித்த 1987-இல் இந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் வாய் வந்திருக்காது. பாஸானதற்குப் பரிசு அப்போதும் உண்டு. யார் யாருக்குக் கொடுப்பது என்பதைப் பிறக்கும்போதே முடிவு செய்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

எனக்கு வந்தது எச்.எம்.டி. வாட்ச்.

அன்றைக்கு ரிசல்ட் என்பது பேப்பரில் வரும் நம்பர். பஸ்ஸில் வந்து இறங்கும் கட்டைப் பிரித்து, டீக்கடை பெஞ்சில் நாலு பேர் குனிந்து தேடுவார்கள். என் நம்பரைக் கண்டுபிடித்தது அப்பாவோ நானோ இல்லை, டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். மறுநாள் காலையில் அத்தை வந்துவிட்டாள். கையில் தாம்பாளம். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, கதம்பம், நடுவில் ஒரு சின்னப் பெட்டி. “என் மருமக பாஸாயிட்டாள்ல” என்று தெரு கேட்கச் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். அத்தை மகன் மில்லில் வேலை பார்த்தார். எனக்கு முறை மாப்பிள்ளை.

எச்.எம்.டி. என்றால் அப்போது லேசுப்பட்டதில்லை. ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961-இல் பெங்களூரில் அரசாங்கம் தொடங்கிய வாட்ச் ஃபாக்டரி அது. கல்யாண மாப்பிள்ளைகள் கையில் மினுங்கியதெல்லாம் அதுதான். ஓசூரில் டைட்டன் அப்போதுதான் வந்திருந்தது, எங்கள் பக்கம் அதன் பேச்சே கிடையாது. தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டிய வாட்ச். கறுப்புத் தோல் வார். என் மணிக்கட்டு குச்சி மாதிரி இருந்ததால் கடைசி ஓட்டையில் மாட்டியும் வார் தொளதொளவென்று தொங்கியது. அத்தை கோணி ஊசியை அடுப்பில் காய்ச்சி, வாரை அம்மிக்கல் மேல் வைத்து, இன்னொரு ஓட்டை போட்டாள். தோல் பொசுங்கிய வாடை இன்னும் எனக்கு மறக்கவில்லை. “இப்ப சரியா இருக்கு பாரு” என்று கையைப் பிடித்துக் கட்டிவிட்டாள். அம்மா முகம் மலர்ந்தது. அப்பா வெளித் திண்ணைக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் அப்பா அந்த வாட்சை அதே பெட்டியில் வைத்து, மஞ்சப்பையில் போட்டு, சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். “புள்ள காலேஜுக்குப் போகட்டும். முடிச்சிட்டு வரட்டும், அப்புறம் பாப்போம்” என்றாராம். அத்தை நாலு வருஷம் எங்கள் வாசல் மிதிக்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. ஒரு வாட்சுக்கு இவ்வளவா என்பார்கள். எங்கள் பக்கம் நிச்சயம் பண்ணுவதைப் பரிசம் போடுவது என்றுதான் சொல்வோம். பரிசுக்கும் பரிசத்துக்கும் ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். தாம்பாளத்தில் வெற்றிலையோடு வந்த எந்தச் சாமானும் வெறும் சாமான் இல்லை. சேலை கொடுத்தால் ஒரு அர்த்தம், பூ வைத்தால் ஒரு அர்த்தம், கொலுசு போட்டால் இன்னொன்று. வளையல் கூடச் சும்மா வராது. அத்தை என் படிப்புக்காகவும்தான் சந்தோஷப்பட்டாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வார் ஓட்டை, இந்தக் கை எங்கள் வீட்டுக் கை என்று போட்ட ஓட்டை. அப்பா திருப்பிக் கொடுத்தது வாட்சை இல்லை.

இது வெளிச்சத்தில் நடந்த கொடுக்கல் வாங்கல். இருட்டில் நடந்ததும் உண்டு. என் வகுப்புத் தோழி ஒருத்திக்கு, பள்ளி முடிகிற வாரத்தில், நூலகப் புத்தகத்துக்குள் வைத்து ஒரு ஹீரோ பேனா வந்தது. தங்க நிற மூடி போட்ட சைனா பேனா. யார் கொடுத்தது என்று எங்கள் நாலு பேருக்குத் தெரியும். வீட்டில் என்ன சொல்வது? கட்டுரைப் போட்டியில் ஜெயித்தேன் என்று சொல்லிவிட்டாள். அந்தக் காலத்தில் எங்கள் வகுப்புப் பெண்கள் ஜெயித்த கட்டுரைப் போட்டிகளைக் கூட்டினால் மாநில அளவில் பேர் வாங்கியிருக்க வேண்டும். அவள் அம்மா லேசுப்பட்டவள் இல்லை. “அப்ப சர்ட்டிபிகேட் எங்கடி?” என்று ஒரே கேள்வி. பேனா உரலுக்குள் போட்டு நசுக்கப்பட்டது. தோழிக்கு அந்த ஆவணியிலேயே கல்யாணம்.

அதனால் பையன்கள் உஷாரானார்கள். தடயம் இல்லாத சாமானாகத் தேடினார்கள். ஆட்டோகிராப் நோட்டில் எல்லோரும் எழுதிய பக்கங்களுக்கு நடுவே ஒரு பக்கம், அதில் பச்சை மசியில் பெயர் போடாத கையெழுத்து. கர்ச்சீப் மட்டும் யாரும் கொடுக்க மாட்டார்கள், கொடுத்தால் பிரிந்துவிடுவோம் என்று நம்பிக்கை. கொடுக்காதவர்களும் பிரிந்துதான் போனார்கள்.

யோசித்தால் இது இன்று நேற்றைய சங்கதி இல்லை. சங்கப் பாட்டுகளில் தலைவன் தலைவிக்குக் கொண்டுவருகிற தழை, பூ இவற்றுக்குக் கையுறை என்று ஒரு சொல்லே இருக்கிறது. அதை அவள் கையில் நேராகக் கொடுக்க முடியாது. தோழி வழியாகத்தான் போக வேண்டும். தோழியும் உடனே வாங்கிவிட மாட்டாள். குறுந்தொகையின் முதல் பாட்டே, எங்கள் மலையிலும் இந்தச் செங்காந்தள் பூக்கிறது என்று சொல்லித் தோழி கையுறையை மறுக்கிற பாட்டுத்தான். நாசூக்கு தெரிந்தவள். கபிலரும் எங்கள் ஊரில் பிறந்தவர் என்று ஒரு மரபு உண்டு. அவருடைய குறிஞ்சிப்பாட்டைத் தொண்ணூற்றொன்பது பூவுக்காகவே எல்லோரும் பேசுகிறார்கள். அதில் நடக்கிற காரியம் வேறு. பெண்ணுக்கு ஒருவன் மேல் மனசு போய்விட்டது என்பதைத் தோழி செவிலித்தாயிடம் பக்குவமாக எடுத்துச் சொல்கிறாள். 261 அடி அதற்கு வேண்டியிருக்கிறது. என் மகன் அதையே ஒரு வரியில், தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்துவிட்டான்.

நான் காலேஜ் முடித்தது 1990-இல். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பட்டம். பட்டமளிப்பு விழாவுக்கு நான் போகவில்லை, எங்கள் செட்டில் பாதிப் பேர் போகவில்லை. சர்ட்டிபிகேட் தபாலில் வந்தது. ஆனால் போட்டோ மட்டும் எல்லோரும் எடுத்தோம். மதுரையில் ஸ்டுடியோக்காரர்களே கறுப்பு அங்கி, தொப்பி எல்லாம் வைத்திருப்பார்கள். அங்கிக்குள் இரண்டு பேர் நுழையலாம், பின்பக்கம் கிளிப் போட்டு இறுக்குவார்கள். கையில் சுருட்டிப் பிடித்திருந்தது சர்ட்டிபிகேட் இல்லை, சார்ட் பேப்பர். அந்தப் போட்டோ வீட்டுக் கூடத்தில் தொங்கியது, பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து. பட்டத்துக்கு எனக்குக் கிடைத்த பரிசு பெரியப்பா புதுமண்டபத்தில் வாங்கிக் கொடுத்த லிப்கோ டிக்‌ஷனரி. காலேஜில் சேரும்போது வேண்டியிருந்ததை முடித்தபிறகு கொடுத்தார். பரவாயில்லை, இன்னும் வைத்திருக்கிறேன்.

இப்போது யு.கே.ஜி. முடித்த குழந்தைக்கே கறுப்பு அங்கி போட்டு கிராஜுவேஷன் டே நடத்துகிறார்கள். மூக்கில் சளி ஒழுக, தொப்பியின் குஞ்சம் கண்ணில் குத்த, அழுதுகொண்டு நிற்கும் பட்டதாரிகளைப் போன மார்ச்சில் பார்த்தேன். பிளஸ் டூ முடிக்கிற பெண்கள் ஃபேர்வெல்லுக்கு அம்மா சேலையைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். ரிசல்ட் மே 8-ஆம் தேதி காலை ஒன்பது மணிக்குப் போனில் வந்தது. டீக்கடைக்காரருக்கு வேலை இல்லை. மாநிலத்தில் முதலிடம் யார் என்ற பேச்சையும் 2017-இலேயே அரசு நிறுத்திவிட்டதால், டிவி முன்னால் உட்காரவும் காரணம் இல்லை. என் மகன் தன் மார்க்கைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் மார்க்கைப் பார்த்தான் என்று நினைக்கிறேன். சிரிப்பு முதலில் வந்தது, அப்புறம்தான் தன்னுடைய பிறந்த தேதியைத் தட்டினான்.

ஆயிரத்து நூறு ரூபாய்க்கு அவன் வைத்திருந்த யோசனைகளை ஒவ்வொன்றாகச் சொன்னான். முதலில் ஸ்மார்ட் வாட்ச். கூட நானூறு போட்டால் வாங்கிவிடலாமாம். எனக்கு வாட்ச் என்றாலே கொஞ்சம் அலர்ஜி. ஆனால் அதைக் காரணமாகச் சொல்லவில்லை. “நீ அனுப்புற மெசேஜெல்லாம் அதுல வந்து நிக்குமாடா?” என்று கேட்டேன். நிற்குமாம். “அவ அப்பாவுக்குச் சோறு போடுறப்ப உன் மெசேஜ் மணிக்கட்டுல வந்து மின்னட்டும்” என்றேன். அது போனது. சென்ட் பாட்டில் என்றான். அரை மணி நேரத்தில் தெருவுக்கே தெரியும். இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுத்து, போட்டோக்களை இதய வடிவில் ஒட்டி ஃபிரேம் போட்டுக் கொடுக்கிறார்களாம். எந்தச் சுவரில் மாட்டுவாள்? கடைசியாக, குரலைத் தாழ்த்தி, “வெள்ளிக் கொலுசு, மெலிசா?” என்றான். “வேணாம்” என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தங்கத்தைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. ஏப்ரலில்தான் பவுன் எழுபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. அந்த மட்டில் அது ஒரு வேலையை மிச்சப்படுத்தியது.

“சரி, அவ வீட்டுக்குத் தெரியுமா?”

“ஃபிரெண்டுன்னு தெரியும்.”

ஃபிரெண்டு என்கிற இந்தச் சொல் எங்கள் காலத்தில் இல்லை. அண்ணன், தம்பி, முறை மாப்பிள்ளை, இல்லாவிட்டால் அந்நியன். நடுவில் நிற்க இடமே கிடையாது. இப்போது இந்த ஒரு சொல்லுக்குள் பிள்ளைகள் குடித்தனம் நடத்துகிறார்கள், நாமும் அதற்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப்பார்க்காமல் மரியாதையாக வெளியில் நிற்கிறோம். சௌகரியமான சொல்தான். ஆனால் எவ்வளவு பாரம் தாங்கும் என்று தெரியாது. அவள் எங்கள் தெரு இல்லை. இதற்கு மேல் விளக்கினால் தமிழ் தெரிந்தவர்களுக்கு மரியாதை இல்லை.

பயம் எனக்கு இருந்தது, மறைக்க மாட்டேன். ஓமலூர் கோகுல்ராஜும் பொறியியல் முடித்த பிள்ளைதான். 2015 ஜூன் 23 அன்று, கூடப் படித்த பெண்ணோடு திருச்செங்கோட்டுக் கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. சாதிக்காக நடந்த கொலை. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது எங்கள் மதுரைக் கோர்ட்டுத்தான். அந்தத் தீர்ப்பை டிவியில் பார்த்தபோது என் மகன் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். ஒரு கொலுசுக்கு நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று அவனுக்கு அந்தக் கணத்தில் புரிந்ததா, தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மகள் இருந்து, அவள் இதே நிலையில் சாய்ந்து, ஒரு பையனுக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டிருந்தால், நான் தோசையைத் திருப்பிக்கொண்டு “எவ்வளவு வச்சிருக்க?” என்று கேட்டிருப்பேனா? மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. மகனைப் பெற்றவளுக்குத் தாராள மனசு கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறது. அந்தப் பெண்ணும் இவனுக்கு ஏதோ வாங்கப் போகிறாள். அரசுப் பள்ளியில் படித்தவள், காலேஜ் சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். முதல் மாதப் பணத்தில் உனக்குத்தான் என்று சொல்லியிருக்கிறாளாம். 2022-இல் அந்தத் திட்டத்தைத் தொடங்கியவர்கள் இந்தச் செலவினத்தை யோசித்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊர்க்காரர் குதிரைக் காசில் கோயில் கட்டியதை நினைத்துக்கொண்டேன்.

ஆக எனக்குச் சிக்கல் இதுதான். அவன் தனியாகக் கொடுத்தால் அவள் அதை ஒளித்து வைக்க வேண்டும். நான் கொடுத்தால் அது அத்தையின் தாம்பாளம் ஆகிவிடும். ஒளிக்கவும் வேண்டாம், உரிமையும் ஆகக்கூடாது. அப்படி ஒரு சாமான் கடையில் எந்த அலமாரியில் இருக்கும்?

வழியைக் கண்டுபிடித்தது நான் இல்லை, டியூஷன் செட்டில் இருந்த இன்னொரு பெண். அவளுக்கு இந்த இருவர் கதையும் அத்துப்படி. ஆறு பேரும் சேர்ந்து, வெளியூர் போகிற எல்லோருக்கும் ஒவ்வொரு சாமான் வாங்குவது என்று ஏற்பாடு செய்தாள். ஜிபேயில் காசு சேர்ந்தது. இந்தப் பெண்ணுக்குக் கோயம்புத்தூரில் அக்ரி சீட் கிடைத்திருந்தது. ஒத்தக்கடையில் 1965-இலிருந்து வேளாண் கல்லூரி இருக்கிறது, பஸ்ஸில் போய்வரலாம். கவுன்சிலிங்கில் விழுந்தது என்னவோ கோயம்புத்தூர். ஹாஸ்டலுக்கு ஒரு டிராலி பேக் வேண்டும். என் மகன் அவனுடைய ஆயிரத்து நூறையும் அப்படியே போட்டான். நான் ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றைக் கொடுத்தேன். “யார் குடுத்தான்னு சொல்லாத” என்றேன். எந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தேன் பாருங்கள், நானும் பெயர் போடாமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய நீலப் பை. சக்கரம் நாலும் சுற்றுகிறதா என்று கடை வாசலில் தள்ளிப் பார்த்ததில் ஒரு சக்கரம் லேசாக முனகியது. வேறு பை எடுக்கச் சொன்னேன். ஆறு பேரும் அவள் வீட்டுக்கே போனார்கள். அவள் அப்பா நாற்காலி எடுத்துப் போட்டாராம். அம்மா டீ கொடுத்தாராம். பஸ்ஸிலிருந்து இறக்கித் தெரு முழுக்கப் பையை இழுத்துப் போனது என் மகன். வாசலில் வாங்கி அவள் கையில் கொடுத்தது அந்தத் தோழி.

அத்தைக்கு இப்போது எண்பது வயது. கோபமெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. என் கல்யாணத்துக்கு வந்து 101 ரூபாய் மொய் எழுதிவிட்டுத்தான் போனாள். அந்த வாட்சை அவளுடைய மருமகள் பத்துப் பதினைந்து வருஷம் கட்டினாள். எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட 2016 ஜனவரியில் மத்திய அரசு முடிவெடுத்த செய்தி வந்தபோது, நான் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். பீரோவிலிருந்து எடுத்துக் காட்டினாள். சாவி கொடுத்தால் ஓடியது. “வாரு மட்டும் மாத்தவே இல்லடி, உன் ஓட்ட அப்படியே இருக்கு” என்றாள். மருமகள் கை கொஞ்சம் சதைப்பிடிப்பு. அந்த ஓட்டைக்கு வேலையே வந்திருக்காது.

பை போன நாலாம் நாள் என் மகன் ஒரு தூக்குச்சட்டியோடு வந்தான். “அவங்க அம்மா குடுத்து விட்டாங்க.” உள்ளே குழிப்பணியாரம், இனிப்பு ஒரு அடுக்கு, காரம் ஒரு அடுக்கு, நடுவில் வாழையிலை. மூடியில் பேர் வெட்டியிருந்தது. இனிஷியலும் 1991 என்ற வருஷமும். யாருடைய கல்யாணச் சீரோ, சடங்குச் சீரோ. அந்தத் தூக்குச்சட்டி எங்கள் தெருவுக்கு எந்த வழியாக வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். என் சின்ன வயசில் அந்த வழியாக எந்தப் பாத்திரமும் வந்ததில்லை, எங்கள் பாத்திரம் எதுவும் போனதுமில்லை. காரப் பணியாரத்தில் தேங்காயைப் பல்லுப் பல்லாக நறுக்கிப் போட்டிருந்தார். நான் நாலு தின்றேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் ஆறு தின்றார்.

கழுவிக் கவிழ்த்த தூக்குச்சட்டி இரண்டு நாள் அடுப்படி மேடையில் இருந்தது. வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. சர்க்கரை போடலாம் என்றால், சர்க்கரைக்கும் வாழைப்பழத்துக்கும் எங்கள் பக்கம் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும். கொல்லையில் முருங்கை காய்த்துத் தொங்கியது. முந்தானை முடிச்சு படம் பார்த்த தலைமுறையாச்சே இரண்டு பேரும் என்று அதையும் விட்டேன். கடைசியில் எலுமிச்சை ஊறுகாயை எடுத்தேன். மாசியில் போட்டது, நன்றாக ஊறியிருந்தது. ஹாஸ்டல் சாப்பாட்டுக்கு ஆகும். தூக்குச்சட்டியில் ரொம்ப நேரம் கிடக்கக் கூடாது, போனதும் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றச் சொல், ஈரக் கரண்டி போடாமல் இருந்தால் தீபாவளி வரை தாங்கும் என்று சொல்லி அனுப்பினேன்.